செவுத்தாண்ட கீறேன்

பூந்தமல்லி அச்சகத்திலிருந்து நம் புத்தகத்தின் மறுபதிப்புக்கான ப்ரூஃப் வந்திருக்கிறது. உறையைப் பிரித்ததும் மை வாசனை குப்பென்று அடித்தது. உனக்குப் பிடித்த வாசனை. தாளை முகத்தருகே கொண்டுபோய் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, "மீன் கொழம்பு கொதிக்க மாதிரி இருக்குட்டி" என்பாய். மைக்கும் மீன் குழம்புக்கும் என்ன சம்பந்தம் என்று நானும் ஒவ்வொரு முறையும் முகர்ந்து பார்ப்பேன். இன்றைக்கும் பார்த்தேன். எனக்கு எப்போதும் போல மண்ணெண்ணெய் வாசனைதான் தெரிந்தது.

நீ போய் ஒன்றேகால் வருஷம் ஆகிறது. இதுவரை உனக்கு ஒரு வரி எழுதத் தோன்றவில்லை. இப்போது எழுதுவதற்குக் காரணம் எட்டாம் பக்கமும் ஒன்பதாம் பக்கமும் சேர்ந்த அந்தப் பெரிய படம். அதைப் பற்றி உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். பதில் வராது என்று தெரியும். ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை. நான் அப்படிப்பட்டவள்தான் என்று உனக்குத் தெரியும்.

நாம் முதன்முதலில் பேசிக்கொண்டதே ஒரு சொல்லை வைத்துத்தான். காலை மின்சார ரயில், பெண்கள் பெட்டி. நீ ஆவடியில் ஏறி ஜன்னலோரம் பிடித்துவிடுவாய். நான் அம்பத்தூரில் ஏறி நின்றுகொண்டு வருவேன். அன்று எங்கே இருக்கிறாய் என்று அம்மா போனில் கேட்க, "ட்ரெயின்ல கீறேம்மா" என்றேன். மேனாம்பேட்டில் பிறந்தவள் வேறு எப்படிச் சொல்வாள்? 'இருக்கிறேன்' என்பது எங்கள் வாயில் 'கீறேன்' என்றுதான் வரும். எதிரே தூங்கி வழிந்துகொண்டிருந்த பூக்காரம்மாவை மடியிலிருந்த நோட்டில் வரைந்துகொண்டிருந்த நீ, தலையைத் தூக்காமலே, "கீறுதது நானு. நீங்க சும்மாதான நிக்கிய" என்றாய். எனக்குச் சுருக்கென்றது. அப்புறம் என்னையும் அறியாமல் சிரித்துவிட்டேன்.

உன் அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஆவடிக்கு வேலைக்கு வந்தவர். குவார்ட்டர்ஸில் எட்டு வீட்டுக்கு எட்டு ஊர்ப் பேச்சு என்பாய். நாற்பது வருஷம் எங்கள் நடுவில் இருந்தும் உன் பேச்சில் ஒரு எழுத்து மாறவில்லை. ஆனால் எங்கள் பேச்சில் உனக்குத் தெரியாத சொல் ஒன்றும் கிடையாது. நீ ஒரு கம்பெனியில் இயந்திர பாகங்களுக்கு வரைபடம் போடுபவள். நான் பதிப்பகம் ஒன்றில் பிழை திருத்துபவள். ஒருத்தி கோட்டைப் பார்த்துப் பிழைத்தாள், இன்னொருத்தி கொம்பையும் காலையும் பார்த்துப் பிழைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் தெருச் சங்கத்து அறையில் பிள்ளைகளுக்குப் புத்தகம் வாசித்துக் காட்டுவேன். நீயும் வர ஆரம்பித்தாய். படக்கதைகள் ஒரு அடுக்கு, பெரிய மனிதர்களின் வாழ்க்கை வரலாறு இன்னொரு அடுக்கு. படக்கதைகள் கைபட்டுக் கிழிந்து நார்நாராகிவிட்டன. வரலாறுகள் மட்டும் புதுக்கருக்குக் குலையாமல் நின்றன. ஏன் இப்படி என்று நான் குழம்பிக்கொண்டிருந்தபோது, நீ அதில் பத்தைப் பையில் போட்டுக்கொண்டு போனாய். அடுத்த வாரம் வந்து சொன்னாய்.

"எல்லா புஸ்தகத்துலயும் ஒரே வார்த்தைதான்ட்டி. 'சிறு வயதிலேயே'. சிறு வயதிலேயே வீரம், சிறு வயதிலேயே அறிவு, சிறு வயதிலேயே இரக்கம். எல்லாரும் சின்னப் பிள்ளையிலயே பெரிய ஆளாத்தான் இருந்திருக்காவ. பின்ன எதுக்கு வளந்தாவ?"

அந்த அறையே சிரித்தது. அதே நாளில்தான் ஐந்தாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் எழுந்து கேட்டாள்: "ஏங்கா, இந்த புக்குல வர்றவங்கல்லாம் செத்துப் பூட்டவங்களா? உசுரோட கீறவங்க யாருமே இல்லியா?" நான் பதில் தேடுவதற்குள் நீ அவள் முன்னால் குனிந்து, "இருக்காவளே. மூணு தெரு தள்ளி ஒருத்தியக் காட்டுதேன்" என்று சொல்லிவிட்டாய். யாரைச் சொல்கிறாய் என்று எனக்குத் தெரியவில்லை. உனக்கும் தெரியாது என்று வெளியே வந்தபிறகு ஒப்புக்கொண்டாய்.

அப்படித் தேடிக் கண்டுபிடித்தவர்தான் கன்னியம்மா அக்கா. அவர் நடவு நட்ட குடும்பத்தில் பிறந்தவர். நிலம் இருந்த இடத்தில் தொழிற்சாலை வந்தது. அதே தொழிற்சாலையில் பின்னாளில் மணல் அச்சு செய்யும் வேலைக்குப் போய், பத்து வருஷம் கழித்து, உச்சியில் தண்டவாளத்தில் ஓடும் கிரேனை ஓட்டக் கற்றுக்கொண்டவர். உருகிய இரும்பு நிறைந்த வாளியை மேலிருந்து தூக்கிக்கொண்டு போய்ச் சொட்டுச் சிந்தாமல் வைப்பாராம். நாம் போனபோது ஓய்வுபெற்று, வீட்டில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "என்னப் பத்தி புக்கா? இன்னாத்துக்கு? நானு செத்தா பூட்டேன்?" என்று கேட்டார்.

நாலு ஞாயிறு அவர் பேசியதைப் போனில் பதிந்தேன். அவர் சொன்னபடியே, ஒரு சொல்லும் திருத்தாமல், ஒரு நோட்டில் எழுதி உன்னிடம் தந்தேன். எழுத்துக்கு முன்னால் படம், படத்துக்கு முன்னால் பேச்சு என்பது உன் வழக்கம். அந்த நோட்டின் முதல் பக்கத்தில் நீதான் இரண்டு சட்டம் எழுதச் சொன்னாய். ஒன்று, 'சிறு வயதிலேயே' கூடாது. இரண்டு, நடக்காததைப் போடக்கூடாது. நான் அதைச் சிவப்பு மையில் எழுதினேன். சட்டம் போட்டவள் நீ என்றாலும் அதைப் பிடித்துக்கொண்டு தொங்கியது நான்தான்.

பிறகு ஒரு நாள் அந்தப் படத்தைக் கொண்டுவந்தாய். இரண்டு பக்கமும் நிறைந்த சாம்பல் நிற மதில். இடது மூலையில் குதிகாலைத் தூக்கி நிற்கும் சின்னப் பெண். கையில் செங்கல் சில்லு. மதில் நெடுக அவள் கீறிய சக்கரம், கொக்கி, சங்கிலி, கொக்கியையே காலாகக் கொண்ட ஒரு பறவை. முழங்கை வரைக்கும் செம்மண் தூசி. அளவுகோல் வைத்தது போல் கோடு போடும் உன் கை அதில் எங்குமே தெரியவில்லை. ஏழு வயதுக் கை தெரிந்தது. "இத எப்போ சொன்னாங்க?" என்று கேட்டேன். நீ பையில் எதையோ தேடிக்கொண்டே, "போன வாரம் தனியாப் போயிருந்தேம்லா, அப்பம் பேசிக்கிட்டு இருந்தோம்" என்றாய். நான் உடனே உட்கார்ந்து, 'செங்கல் சில்லால் சுவர் முழுக்கக் கீறினாள்' என்று எழுதினேன். அது 'சிறு வயதிலேயே' பக்கம்தான் என்பது பிழை திருத்துகிறவளுக்கு அன்று உறைக்கவில்லை.

புத்தகம் வந்தது. பிள்ளைகள் முதலில் திருப்புவது அந்தப் பக்கத்தைத்தான். மேனாம்பேட்டில் ஒரு மதில் மிச்சமில்லாமல் கீறித் தள்ளினார்கள். புதிதாக வெள்ளையடித்த வீட்டுக்காரர் என் வாசலில் வந்து, "புக்கு படிக்க சொல்லிக் குட்த்தா இதான் பண்ணுங்களா?" என்று கத்தியபோது நீ உள்ளே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாய். கன்னியம்மா அக்காவைப் பள்ளிகளுக்கு அழைத்தார்கள். "செவுத்துல இன்னா இன்னா கீறுனீங்க?" என்று எந்தப் பிள்ளை கேட்டாலும் அவர், "அத்த வுடு, கிரேனு பத்தி கேளு" என்று பேச்சை மாற்றுவார். அடக்கம் என்று நான் நினைத்தேன்.

இனி இப்போது நடந்தது. மறுபதிப்பின் பின்னட்டையில் ஒரு சதுரக் கட்டம் வருகிறது. போனை அதற்கு நேரே பிடித்தால் கன்னியம்மா அக்காவின் குரல் கேட்கும். அதற்காக நல்ல பகுதியாக எடுத்துத் தர வேண்டும் என்று பழைய பதிவை மறுபடி கேட்டேன். மதில் வரும் இடத்தைத்தான் தேடினேன். கிடைத்தது. அவர் குரல் இப்படிச் சொல்கிறது:

"எங்கம்மா நடவுக்குப் போன நெலத்துல காம்பவுண்டு செவுரு எழுப்பிட்டாங்கோ. உள்ள இன்னாமோ சத்தம். எனுக்கு ஏழெட்டு வயசு. எந்நேரமும் அந்தச் செவுத்தாண்டதான் கீறேன். இன்னா பண்ணுவேன்? ஒண்ணும் பண்ண மாட்டேன். சொம்மா கீறேன்."

மூன்று முறை கேட்டேன். செவுத்தாண்ட கீறேன். சுவருக்குப் பக்கத்தில் இருக்கிறேன். அவ்வளவுதான். அங்கே செங்கல் சில்லும் இல்லை, பறவையும் இல்லை. இதை என் காதால் கேட்டு, என் கையால் எழுதியவள் நான். என் தாய்மொழிச் சொல்லை நானே கோட்டைவிட்டிருக்கிறேன். படத்தைப் பார்த்த மயக்கத்தில் பேச்சை மறந்திருக்கிறேன்.

முதலில் நீ தவறாகப் படித்துவிட்டாய் என்று நினைத்தேன். அடுத்த நிமிஷமே ரயில் நினைவுக்கு வந்துவிட்டது. கீறேன் என்ற சொல்லை வைத்து என்னைக் கிண்டல் செய்து சிநேகமானவள் அதைத் தவறாகப் படிப்பாளா? அப்படியானால் தெரிந்தே பொய்யை வரைந்தாயா? நீ போட்ட சட்டத்தை நீயே மீறி, அதை என்னிடம் மறைத்து, என் கையாலேயே அதற்கு வரியும் எழுத வைத்தாயா? ப்ரூஃபைச் சனிக்கிழமைக்குள் திருப்பி அனுப்ப வேண்டும். அந்தப் பக்கம் இருக்கவேண்டுமா, போகவேண்டுமா? போனால் உன் படத்திலேயே நல்ல படம் போகிறது. இருந்தால், பிள்ளைகளிடம் உண்மை என்று நீட்டிய புத்தகத்தில் நடுப்பக்கமே பொய்.

மறுநாள் காலை கன்னியம்மா அக்கா வீட்டுக்குப் போனேன். துணி உலர்த்திக்கொண்டிருந்தார். டீ போட்டுக் கொடுத்தார். ப்ரூஃபை விரித்து, "அக்கா, நெசமா சொல்லுங்க. இது நடந்துச்சா?" என்று கேட்டேன்.

ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "கண்டுபுட்சிட்டியா? அந்தப் பொண்ணு சொல்லிச்சு, என்னிக்காவது கண்டுபுடிப்பான்னு. ஆனா ரொம்ப நாளாவும்னு சொல்லிச்சு."

எனக்கு முகம் சிவந்தது. அவர் சொன்னார்:

"ஒரு நா தனியா வந்துச்சு. ஒரு பேப்பர நீட்டி, 'செவுத்தாண்ட கீறேன்னு சொன்னியள்லா, அதான் கீற வச்சிட்டேன்'னு சொல்லிட்டு சிரிக்குது. வெளாட்டுக்கு வரஞ்சுகினு வந்துகீது. எனுக்கு சிரிப்பு வர்லம்மா. அத்தையே பாத்துகினு இருந்தேன். இன்னாக்கா, கோவமான்னு கேட்டுச்சு. அப்பதான் சொன்னேன். செங்கல்லு கைல இருந்துச்சு."

"எந்தச் செங்கல்லு?"

"அதே செவுரு கட்டுனப்ப ஒடஞ்சு கெடந்த சில்லு. கீறணும்னுதான் தெனிக்கும் எட்துகினு போவேன். எங்கப்பா அப்ப உள்ள மண்ணு தூக்கற வேல. 'அது அவுங்க செவுரு, நீ கை வெச்சினா என்ன வேலைக்கு வாணாம்னுடுவாங்கோ'ன்னு சொல்லிகீறாரு. அப்பால எப்டி கீறுவேன்? கைல வெச்சுகினு நிப்பேன். கை வேர்த்து சில்லே ஈரமாய்டும். கீழ போட்டுட்டு ஊட்டுக்கு வந்துடுவேன்."

நான் ப்ரூஃபில் அந்தச் சின்னப் பெண்ணின் கையைப் பார்த்தேன்.

"அத்த கேட்டு அந்தப் பொண்ணு அய்துச்சு. 'மாத்திருதேங்க்கா, நிக்க மாரி போட்டுருதேன்'னுச்சு. நாந்தான் வாணாம்னேன். அம்பது வருசமா கீறாம கீறேன், புக்குலயாவது கீறிட்டுப் போறேன், வுடுன்னேன். பொய்யாச்சேன்னுச்சு. எம் பொய்யிதான, உனுக்கின்னான்னேன். உன்னாண்ட சொல்ல வாணாம்னு சத்தியம் வாங்கினேன்."

"என்னாண்ட ஏங்க்கா சொல்லக் கூடாது?"

"நீ பேனாவ வெச்சுகினு நெசமா பொய்யான்னு கேப்பே. எனுக்கு பயம்மா" என்று சொல்லிச் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "ஆனா ஒண்ணு. புள்ளைங்கோ இன்னா கீறுனேன்னு கேக்கும் பாரு, ஒவ்வொரு வாட்டியும் நெஞ்சு அட்ச்சுக்கும். பொய் சொன்னவளுக்கு அது வேணுந்தான். இப்ப இன்னா பண்ணப் போற? அத்த எட்துடப் போறியா?"

கேட்கும்போதே அவர் கை அந்தப் பக்கத்தின் மேல் இருந்தது. நாற்பதடி உயரத்தில் நெருப்பு வாளியைத் தூக்கிக்கொண்டு போன கை. தெரியவில்லை அக்கா என்றேன். "படத்த மட்டும் எடுக்காத. மத்தது உன் இஷ்டம்" என்றார்.

திரும்பி நடந்து வந்தேன். வழியெல்லாம் பிள்ளைகள் கீறிய மதில்கள். உன்மேல் எனக்குக் கோபம். இப்போதும் இருக்கிறது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று நடந்துகொண்டே யோசித்தேன். அந்தப் படத்தை அடித்திருப்பேன். சட்டம் இரண்டு என்று நோட்டை எடுத்துக் காட்டியிருப்பேன். உனக்கு அது தெரிந்திருக்கிறது. கன்னியம்மா அக்காவுக்கும் தெரிந்திருக்கிறது. ஒரு பெண் தன் வாழ்நாளெல்லாம் சொல்லாததைச் சொல்ல என்னை விட்டுவிட்டு உன்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறாள். அதுதான் வலிக்கிறது.

அந்தப் பதிவில் என் குரலும் இருக்கிறது. நான் கேட்ட கேள்விகளை எல்லாம் கேட்டுப் பார்த்தேன். எத்தனை வயசு? எந்த வருஷம்? எந்தப் பக்கத்து மதில்? சொம்மா கீறேன் என்று அவர் சொன்னதும் 'சரி, அப்புறம்?' என்று தாண்டிப் போகிறேன். சும்மா நின்றவளின் கையில் என்ன இருந்தது என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. நீயும் கேட்கவில்லை. விளையாட்டாக அவள் கையில் ஒன்றை வைத்து வரைந்தாய், அது அங்கேயே இருந்திருக்கிறது. அது எப்படி என்பதுதான் உன்னிடம் கேட்க வந்த கேள்வி. அந்தச் சொல்லை வைத்து வெறும் வேடிக்கைதான் செய்தாயா, அல்லது 'ஒண்ணும் பண்ண மாட்டேன்' என்று அவர் சொன்னதில் எனக்குக் கேட்காத ஏதோ உனக்குக் கேட்டதா?

நாம் பிள்ளைகளிடம் கொடுத்த அத்தனை வரலாறுகளிலும் கீறியவர்கள்தான் இருக்கிறார்கள். கையில் சில்லை வைத்துக்கொண்டு நின்றவர்கள் யாரும் இல்லை. அறையில் உட்கார்ந்து கேட்கும் பிள்ளைகளில் பாதிப்பேர் அப்படி நிற்பவர்கள்தான் என்று எனக்கு இத்தனை வருஷம் கழித்துத்தான் புரிகிறது. இனி யார் வாழ்க்கையைக் கேட்டு எழுதினாலும், ஒன்றும் செய்யவில்லை என்று அவர்கள் சொல்லும் இடத்தில் நான் நிற்கப் போகிறேன். உன்னிடமிருந்து எனக்கு மிச்சம் இருப்பது அதுதான்.

வெள்ளிக்கிழமை அந்தப் பக்கத்துக்குப் புது வரி எழுதினேன். அடித்தும் திருத்தியும் ஆறு தாள் போயிற்று. அதை எடுத்துக்கொண்டு போய் கன்னியம்மா அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன்.

'கன்னியம்மா ஒவ்வொரு நாளும் செங்கல் சில்லோடு இந்தச் சுவரருகே நின்றாள். அப்பாவின் வேலை போய்விடும் என்ற பயத்தில் ஒரு கோடுகூடக் கீறவில்லை. அவள் மனதில் இருந்ததை இந்தப் படத்தை வரைந்தவள் அவளுக்காகக் கீறினாள்.'

இரண்டாவது முறை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். "அப்ப நின்னவளும் நாந்தான், கீறுனவளும் நாந்தானா?" என்று கேட்டார். ஆமாக்கா என்றேன். "அப்ப சரி. இனிமே புள்ளைங்கோ கேட்டா சொல்லலாம்" என்று சொல்லிவிட்டு, அடுப்பில் இருந்ததைப் பார்க்க எழுந்து போனார்.

ப்ரூஃபை அனுப்பிவிட்டேன். படம் அப்படியே இருக்கிறது, மூன்று வரி மாறியிருக்கிறது. நீ இருந்திருந்தால் பார்த்த உடனே, வரி நீளமா இருக்குட்டி, படத்த மறைக்குது, பாதியா வெட்டு என்று சண்டை போட்டிருப்பாய். நானும் ஒரு சொல் விடமாட்டேன் என்று மல்லுக்கு நின்றிருப்பேன். கடைசியில் நீ சொன்னபடிதான் நடந்திருக்கும். இந்த முறை சொல்ல ஆளில்லை. நீளமாகவே போகிறது.